பிரதம அதிதியின் கொய்யா

வாவிக்கரைப் பழப்பயிர் மேம்பாட்டு நிலையம் தொடங்கி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் அது ஒரு பழத்தைக்கூட மேம்படுத்தவில்லை என்று வெளியில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அது நியாயமில்லாத பேச்சு. நிலையம் தன் வேலையை ஒழுங்காகவே செய்து வந்திருக்கிறது. அதன் வேலை ஆரம்பித்து வைப்பது. மாமரத் திட்டத்தை மூன்று தடவை ஆரம்பித்து வைத்தார்கள். மாதுளையை இரண்டு தடவை ஆரம்பித்து, ஒரு தடவை மீள ஆரம்பித்தார்கள். ஒவ்வோர் ஆரம்பத்துக்கும் ஒரு கருங்கல் பலகை; அதில் பிரதம அதிதியின் பெயர், திகதி, சுபநேரம். உன்னிச்சைக்குப் போகிறவர்கள் கேற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, யாரோ பெரிய குடும்பத்துச் சவக்காலை என்று நினைத்து மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் குறைப்பதுண்டு.

இந்த நிலையத்தில்தான் கல்லடியைச் சேர்ந்த தனுஷா கனிஷ்ட கள ஆய்வாளராகச் சேர்ந்தாள். விவசாயத்தில் பட்டம் பெற்றவள். நேர்முகப் பரீட்சையில் பணிப்பாளர் கலாநிதி கனகசிங்கம் அவளிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். சேலை கட்டத் தெரியுமா என்பது ஒன்று. அதிக நேரம் நிற்க முடியுமா என்பது மற்றது. அதிதிகளுக்கு வெற்றிலைக் கட்டுக் கொடுத்து வரவேற்கும் பெண் கலியாணம் முடித்துக் கனடா போய்விட்டதால் நிலையத்தின் ஆராய்ச்சிப் பிரிவு நாலு மாதமாகத் தடுமாறிக்கொண்டிருந்தது. தனுஷா இரண்டுக்கும் ஆம் என்றாள். ஒப்பந்தம் ஆறு மாதம். அதன் பிறகு ஆறாறு மாதமாக நீட்டிக்கொண்டே போனார்கள், சந்தையில் வாடல் கீரைக்குத் தண்ணீர் தெளிப்பது போல.

அதிதிகள் வராத நாட்களில் அவளை என்ன செய்வது என்று நிலையத்துக்குத் தெரியவில்லை. வருடாந்தத் திட்டத்தில் பத்து வருடமாக ஒரு வரி கிடந்தது: 'உப்பு நிலத்துக்கு ஏற்ற கொய்யா.' யாரும் தொடாத வரி. அதை அவளிடம் கொடுத்து, கண்ணில் படாமல் இருக்கச் சொன்னார்கள்.

கண்ணில் படாமல் இருக்கச் சொன்னால் சிலர் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். தனுஷாவிடம் இந்தக் குறை இருந்தது.

குருக்கள்மடத்தில் வாவியைப் பார்த்தபடி அரை ஏக்கர் வளவு ஒன்று. அன்னப்பூரணியினுடையது. தாய் அவருக்குச் சீதனமாகக் கொடுத்தது. அவர் தன் மகளுக்குக் கொடுக்க வேண்டியதும் அதுவே. மூன்று வருடத்துக்கு முன் வெள்ளத்தோடு வாவியின் உப்புத் தண்ணீர் ஏறி நின்றுவிட்டு வடிந்ததில் மண் உப்பாகிவிட்டது. வாழை போனது, தோடை போனது, எலுமிச்சை போனது. வேலியோரம் நின்ற ஒரு நாட்டுக் கொய்யா மட்டும் ஒன்றும் நடக்காதது போல நின்றது. காய் எலுமிச்சம்பழ அளவு. பல்லை உடைக்கிற விதை. காகம்கூட இரண்டாம் முறை கொத்தாது. ஆனால் அந்த மரத்துக்கு உப்பு ஒரு பொருட்டில்லை. நிலையத்திலோ ஒரு பெரிய கொய்யா நின்றது. பழம் இளநீர்க் குரும்பை போல, வெட்டினால் அறையே மணக்கும். உப்புத் தண்ணீரைக் காட்டினால் ஒரு கிழமையில் இலை முழுவதையும் உதிர்த்துவிடும். இரண்டையும் சேர்த்தால் பிறக்கும் பிள்ளைகளில் ஒன்றாவது தாயின் பழத்தோடும் தகப்பனின் தைரியத்தோடும் வராதா என்பதுதான் தனுஷாவின் கணக்கு. படித்த கணக்கும் அதுதான்.

அதே நேரத்தில் அன்னப்பூரணியின் படலையில் இன்னொருவரும் வந்து நின்றார். இறால் பண்ணைக்காரர் றமீஸ். வளவைப் பத்து வருடக் குத்தகைக்குக் கேட்டார். குளம் வெட்டி இறால் விடுவார். வெட்டிய குளத்தைத் திரும்ப மூடித் தருவார் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் நம்பவுமில்லை. அன்னப்பூரணி கொய்யாத் திட்டத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"அக்கா, நான் வியாபாரி. ஏமாத்தினாலும் எவ்வளவு ஏமாத்துறன் எண்டு கடதாசியில எழுதித் தருவன். அவங்கள்ட்ட அதையாவது கேட்டு வாங்குங்க" என்றார்.

தனுஷா பின்னேரங்களில் நிலையத்து மரத்தில் விரிய இருக்கும் மொட்டுக்களைப் பிரித்து, உள்ளே இருக்கும் மகரந்த இழைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். கொய்யாப் பூவுக்கு அவை நூற்றுக்கணக்கில். கழுத்து விறைக்கும்வரை பிடுங்கி, கடதாசிப் பை கட்டுவாள். விடிய முன் கல்லடியிலிருந்து குருக்கள்மடம் போய் நாட்டுக் கொய்யாவின் மகரந்தத்தைச் சின்னப் போத்தலில் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் நிலையத்துக்கு ஓடி வந்து தூரிகையால் தடவி, திரும்பவும் பை கட்டி, தாய் எது தகப்பன் எது என்று எழுதிய சின்ன மட்டையை நீல நூலில் தொங்கவிடுவாள். இப்படி இருபது பூக்கள். பதின்மூன்று உதிர்ந்தன. ஏழு காய் பிடித்தது.

ஏழு என்ற செய்தியோடு அவள் குருக்கள்மடம் போனபோது அன்னப்பூரணி சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"வருமா வராதா, ரெண்டில ஒண்டச் சொல்லு புள்ள. வரும் எண்டா அவன நான் திருப்பி அனுப்பிடுவன். குளம் வெட்டின வளவில என்ட மகளுக்கு என்னத்தக் கட்டிக் குடுக்கிற?"

"ஏழு காய் நிக்குதக்கா. வரும்."

அன்னப்பூரணி றமீஸைத் திருப்பி அனுப்பினார். றமீஸ் அடுத்த மாதமே வேறு வளவு பிடித்துக்கொண்டார்.

இந்தக் காய்களைப் பற்றிய மாதாந்த அறிக்கை கனகசிங்கத்தின் மேசைக்குப் போனதும் நிலையம் அதிர்ந்தது. அவர் தனுஷாவை அழைத்தார். கோபப்படவில்லை, துக்கப்பட்டார். ஆரம்பித்து வைக்கப்படாத ஒரு வேலை எப்படி நடந்துகொண்டிருக்க முடியும் என்று கேட்டார். காய் வந்துவிட்டது என்று அவள் சொன்னாள். ஆரம்பத்துக்கு முன் காய் வருவது ஒழுக்கமில்லாத குடும்பங்களில் நடப்பது என்றார் அவர். உடனே குழு கூடியது. 'தேசிய உப்புநிலக் கொய்யா வேலைத்திட்டம்' என்று பெயர் வைத்தது. முதல் பூவுக்குப் பிரதம அதிதி தன் கையால் மகரந்தம் தூவுவார் என்று தீர்மானித்தது. சுபநேரம் முற்பகல் பத்து நாற்பத்து மூன்று. அந்த நேரத்துக்குக் கொய்யாப் பூ சோர்ந்துவிடும், காலை ஏழுக்கு முன் செய்ய வேண்டும் என்று தனுஷா சொன்னாள். ஏழு மணிக்கு எமகண்டம் என்று பதில் வந்தது.

விழாவன்று அதிதி பன்னிரண்டு மணிக்கு வந்தார். அதனால் பாதகமில்லை. பத்து நாற்பத்து மூன்றுக்கே அலுவலகச் சுவர்க் கடிகாரத்தின் பற்றரியைக் கழற்றி வைத்திருந்தார்கள். அவர் காரிலிருந்து இறங்கும்போது ஒலிவாங்கியில் இருந்தவர் சுபநேரம் சரியாக வந்துவிட்டது என்று அறிவித்தார். அதிதியும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அப்படித்தான் என்பது போலத் தலையசைத்தார். தனுஷா வெற்றிலை கொடுத்தாள். மூன்று மணிநேரம் நின்ற காலுக்கு அந்த நேர்முகக் கேள்வியின் அர்த்தம் புரிந்தது.

மரத்தைச் சுற்றிச் சிவப்புக் கம்பளம். கிளைக்கு எட்டுவதற்கு மூன்று படி. தூரிகைக்குப் பட்டுக் குஞ்சம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் றிஸ்னா ஒரு பூவை நீட்டிப் பிடிக்க, அதிதி கடைக்குப் பெயின்ற் அடிப்பது போல மேலும் கீழும் இழுத்தார். பூவின் நடுக்காம்பு அப்போதே முறிந்தது. அவருக்குப் பிறகு மேலதிகச் செயலாளர், பிறகு பிரதேசத்துப் பெரியவர்கள், பிறகு மதத் தலைவர்கள் நால்வர், பிறகு ஒலிபெருக்கி உதவியவர் என வரிசைப்படி பதினாறு பேர் அதே பூவை அதே தூரிகையால் தடவினார்கள். ஒருவர் தும்மினார். தூரிகையில் மகரந்தம் இருக்கவில்லை. போத்தலைக் கொண்டுவருவது நிகழ்ச்சி நிரலில் சேர்க்கப்படவில்லை. தனுஷா அதைச் சொன்னபோது, அடுத்த தடவை கவனிப்போம் என்றார் கனகசிங்கம்.

அதிதி பேசினார். அடக்கமான மனிதர்.

"எனக்குக் கொய்யாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. மாமரத்தைப் பற்றியும் தெரியாது. ஆனால் மாமரத் திட்டத்தை ஆரம்பித்து வைத்தவனும் நானே. தெரிந்ததைச் செய்ய எவராலும் முடியும். தெரியாததை ஆரம்பித்து வைக்க ஒரு துணிவு வேண்டும். அந்தத் துணிவை மக்கள்தான் எனக்குத் தந்திருக்கிறார்கள்."

மக்கள் கைதட்டினார்கள். பூவின் கீழே பித்தளைத் தகடு தொங்கவிடப்பட்டது: அதிதியின் பெயர், நேரம் முற்பகல் 10.43. நன்றியுரை முடியுமுன் பூ விழுந்துவிட்டது. தகடு கிளையில் தனியே ஆடிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்து அதிதியின் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஐயா தன் காயை விசாரித்தாராம். படம் ஒன்று அனுப்ப வேண்டுமாம். கனகசிங்கம் இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, விழா எதுவும் இல்லாத நாளில் தோட்டத்துக்குள் நடந்து போனார். மரத்தில் தெற்குப் பக்கம், காற்றும் வண்டும் தாமாகச் செய்த பெரிய காய் ஒன்று நன்றாகத் தெரிந்தது. பித்தளைத் தகட்டை அதில் கட்டச் சொன்னார். அதற்குத் தகப்பன் எது என்று எவருக்கும் தெரியாது. பித்தளை மட்டும் பளபளத்தது.

அத்துடன் நின்றிருந்தால் பரவாயில்லை. அதிகாரபூர்வக் காய் ஒன்று இருக்கும்போது மரத்தின் சாற்றை மற்றக் காய்கள் உறிஞ்சக்கூடாது என்று ஓர் உள்ளகச் சுற்றறிக்கை வந்தது. 'திட்டத்துக்கு வெளியிலான காய்களை அகற்றுதல்.' தனுஷா அன்று மட்டக்களப்பில் ஒரு செயலமர்வில் வெற்றிலை கொடுத்துக்கொண்டிருந்தாள். தொழிலாளர்கள் ஒரு கூடைக் காய் பறித்தார்கள். பச்சைக் காய். எறிவது பாவம் என்று கணக்காளர் வெட்டச் சொன்னார். தேநீர் வேளையில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, பணிப்பாளர் முதல் சாரதி வரை எல்லோரும் தின்றார்கள். விரல் நக்கினார்கள். விதை பல்லுக்குள் நெரிபட, வாயோரத்தில் சிவப்பு வழிய, கொஞ்சம் துவர்ப்பு என்று அபிப்பிராயம் சொன்னார்கள். நிலையத்தின் வரலாற்றில் ஓர் ஆராய்ச்சியின் முடிவை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பரிசீலித்தது அன்றுதான்.

மறுநாள் றிஸ்னா கள அறையின் கதவைச் சாத்திவிட்டுத் தனுஷாவிடம் வந்தார்.

"நானும் ஒண்டு திண்டுட்டன் தனு. கடைசித் துண்டத் தூக்கக்குள்ளதான் கண்டன், பீங்கானடியில உண்ட நீல நூல். அல்லாஹ்வே, வாய்க்குள்ள விரல விட்டுச் சத்தியெடுத்துப் பாத்தன். அது திரும்பியா வரும்?"

பீங்கானடியில் ஏழு நூல்களும் கிடந்தன. தனுஷா அவற்றை எண்ணிக்கொண்டு கனகசிங்கத்திடம் போனாள். அந்த ஏழு காயும்தான் திட்டம் என்றாள்.

"பிள்ளை, திட்டம் எண்டுறது கோவையில இருக்கிறது. மரத்தில இருக்கிறது காய்" என்றார் அவர். "ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

திரும்பவும் மகரந்தம் தூவ அனுமதி கேட்டாள். ஆரம்பித்து வைத்ததை மீண்டும் ஆரம்பிப்பதென்றால் அதிதி செய்தது பிழையென்று ஆகிவிடும் என்று மறுத்தார். அவள் தானாக ஏதும் செய்துவிடக்கூடாதென்று மரத்தைச் சுற்றிக் கம்பிவேலி அடித்து, காவலாளி ஒருவரையும் வைத்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் நிலையம் பாதுகாத்த ஒரே மரம் அது.

தகட்டுக் காய் பழுத்தது. அதைப் பறிக்க ஒரு வைபவம். விதை முளைத்து நாற்பது கன்று வந்தது. தனுஷா அதில் இருபதுக்கு விதிப்படி உப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். ஒன்பதாம் நாள் அந்த இருபதும் கருகிவிட்டன. அறிக்கையைப் படித்த கனகசிங்கம், உப்பு ஊற்றினால் எந்தக் கன்றுதான் சாகாது என்று நியாயமாகக் கேட்டார். மீதி இருபதுக்கும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அவை தளதளவென்று நின்றன. இறுதி அறிக்கையில் இப்படி எழுதப்பட்டது: 'உப்பு இல்லாத நிலைமையில் இக்கன்றுகளின் உப்புத் தாங்கும் திறன் நூறு வீதம்.' மேலிடத்தில் எவரும் கேள்வி கேட்கவில்லை. நூறு வீதத்தைக் கேள்வி கேட்கும் வழக்கம் அங்கே இல்லை.

கன்று வழங்கும் விழா குருக்கள்மடத்தில், அன்னப்பூரணியின் வளவிலேயே நடப்பதாக இருந்தது. அவர் முதலாம் இலக்கப் பயனாளி. விழாவுக்கு முதல் நாள் கனகசிங்கம் தனுஷாவை அழைத்து, கதிரை காட்டி, இருக்கச் சொன்னார்.

"உங்கட நிரந்தர நியமனக் கடிதம் வந்திட்டுது பிள்ளை. நாளைக்கு மேடையில அதிதியிட கையால தாறம். அது பதின்நாலாவது நிகழ்ச்சி. பன்னிரண்டாவது நீங்க கன்று குடுக்கிறது. இடையில ஒரு நடனம் மட்டுந்தான்."

கடிதத்தைக் காட்டிவிட்டுத் திரும்பவும் மேசைக்குள் வைத்துப் பூட்டினார். மூன்று வருடமாக ஆறாறு மாதமாய் நீண்ட பிழைப்பு. கல்லடியில் தாய் இந்தக் கடிதத்தை நம்பித் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அன்று இரவு தனுஷா நித்திரை கொள்ளவில்லை என்று எழுதினால் வாசிப்பவருக்கு ஆறுதலாக இருக்கும். அவள் நன்றாக நித்திரை கொண்டாள். விடிய எழும்பி சேலைக்கு ஏற்ற சட்டை தேடினாள்.

பந்தலில் வெள்ளைத் துணி. அன்னப்பூரணி புதுச் சேலையில் வந்திருந்தார். பின்னால் மகளும் மருமகனாக வரக்கூடியவரின் தாயும் தகப்பனும். வளவு எப்படித் திரும்பப் போகிறது என்று காட்டத்தான் அவர்களை அழைத்திருந்தார். அதிதி, விஞ்ஞானம் ஏழையின் படலைக்கே வந்துவிட்டது என்று பேசினார். கனகசிங்கம், இந்தக் கன்றின் ஒவ்வொரு இலையிலும் நிலையத்தின் இருபத்திரண்டு வருட உழைப்பு இருக்கிறது என்றார். அதில் ஒரு பொய்யும் இல்லை.

பன்னிரண்டாவது நிகழ்ச்சி. தனுஷா கன்றை நீட்டினாள். அன்னப்பூரணி இரண்டு கையாலும் வாங்கி, இலையைத் தடவி, தலையைக் கிட்டக் கொண்டுவந்து மெதுவாகக் கேட்டார்.

"இது அந்த வேலிக் கொய்யாட புள்ளதானே? உண்ட வாயால சொல்லு. நான் நட்டுடுவன்."

படம் எடுப்பவர் இரண்டு பேரையும் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார். அதிதி பக்கத்தில் வந்து நின்று கன்றின் பொலித்தீன் பையில் ஒரு விரலை வைத்தார். கனகசிங்கம் மேடையின் ஓரத்தில் உறை ஒன்றை இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

"ஓமக்கா" என்றாள் தனுஷா. "அதுதான்."

நடனம் நன்றாக இருந்தது.

அடுத்த வருடம் சித்திரைக்குப் பிறகு நிலையம் களப் பரிசோதனைக்கு ஆள் அனுப்பியது. நிரந்தரக் கள ஆய்வாளர் தனுஷா, நிலையத்து வாகனத்தில், சாரதியுடன் குருக்கள்மடம் போய் இறங்கினாள். வளவில் அங்கங்கே உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. கன்று நின்ற இடத்தில் ஈர்க்கு மாதிரி ஒரு குச்சி. அதைச் சுற்றி அன்னப்பூரணி கல் அடுக்கி, கிடுகால் நிழல் போட்டு, ஆடு கடிக்காமல் வலைத்துண்டும் கட்டியிருந்தார். மண் இன்னும் ஈரமாக இருந்தது. பெண் கேட்டு வந்தவர்கள் வளவைப் பார்த்துவிட்டுப் போனதுதான்; பிறகு ஒரு சொல்லும் இல்லை என்றார். றமீஸ் இப்போது அந்தப் பக்கமே வருவதில்லை. அதையும் அன்னப்பூரணி குறையாகச் சொல்லவில்லை. அவருக்கு வேறு கவலை இருந்தது.

"விடியவும் பின்னேரமும் தண்ணி ஊத்தினன் புள்ள. நல்ல தண்ணிதான், கோயில் கிணத்தில இருந்து தூக்கி வந்து. ஒரு நாளும் விடல. எனக்குத்தான் வளக்கத் தெரியல்ல போல. உனக்கு மேலிடத்தில இருந்து எதும் பேச்சு வருமா?"

தனுஷா ஒன்றும் வராது என்றாள். படிவத்தை எடுத்தாள். 'கன்று பட்டுப்போனதற்கான காரணம்' என்ற இடத்துக்குக் கீழே மூன்று பெட்டிகள்: கால்நடை, இயற்கை அனர்த்தம், பயனாளியின் பராமரிப்புக் குறைவு. நாலாவது பெட்டி இல்லை. சாரதி வாகனத்தின் இயந்திரத்தை நிறுத்தாமல் வைத்திருந்தார். அவள் மூன்றாவதில் புள்ளடி போட்டு, படிவத்தை வாகனத்தின் முன்மூடியில் வைத்து, பேனையை நீட்டினாள்.

என்ன எழுதியிருக்கிறது என்று அன்னப்பூரணி கேட்டார். அவரது மூக்குக்கண்ணாடி வீட்டுக்குள் இருந்தது.

"வழமையா எழுதுறதுதான் அக்கா."

மேற்கூறிய யாவும் உண்மையென உறுதிப்படுத்துகிறேன் என்ற வரியின் கீழே, விரலை வைத்து இடத்தைக் காட்டினாள். அன்னப்பூரணி முன்னால் குனிந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கவனமாக, தன் பெயரை முழுதாக எழுதினார்.